கயிறு யார் கையில்? நீரோட்ட முக்குளிப்பும் அதன் எழுத்தும்

ஒன்றும் செய்யாமலிருப்பதைக் காசு கொடுத்து வாங்குகிற இடங்களில் ஒன்றாகக் கடலடியும் ஆகிவிட்டது. பவளப்பாறை மெல்லச் சரியாமல் ஒரேயடியாகச் செங்குத்தாக ஆழத்துக்குள் இறங்கும் விளிம்பை முக்குளிப்பவர்கள் 'சுவர்' என்கிறார்கள். அந்தச் சுவரை ஒட்டி ஓடும் நீரோட்டத்துக்குள் சிலிண்டரோடு இறங்கி, காலைக்கூட அதிகம் அசைக்காமல், ஓட்டம் கொண்டுபோகும் போக்கில் போய், வேறோரிடத்தில் மேலே வந்து படகேறுவதற்கு 'டிரிஃப்ட் டைவிங்' என்று பெயர். நீரோட்ட முக்குளிப்பு என்று தமிழில் வைத்துக்கொள்வோம். லட்சத்தீவிலும் அந்தமானிலும் இது நடக்கிறது. மாலத்தீவு, பலாவு, இந்தோனேசியா பக்கம் இதற்கென்றே ஆட்கள் போகிறார்கள்.

இதைப் பற்றி இந்தப் பக்கங்களில் என்ன பேச்சு என்று கேட்கலாம். அம்பத்தூரில் இருந்துகொண்டு கடலைப் பார்க்கணும்னாலே ரெண்டு பஸ் மாறணும். பேச வேண்டி வந்ததற்குக் காரணம் ஒரு கையெழுத்துப் பிரதி. எங்கள் வாசிப்பு வட்டத்து இளைஞர் ஒருவர், எஸ்டேட்டுக்குப் பக்கத்து மென்பொருள் நிறுவனமொன்றில் வேலை பார்ப்பவர், அந்தமானில் சுவரோரம் முக்குளித்துவிட்டு வந்து பன்னிரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தார். வட்டத்தில் இரண்டு விதமான எதிர்வினை. தோழர் ஒருவர், 'இது நுகர்வுக் கலாச்சாரம்பா, தூக்கி ஓரமா வை' என்றார். இன்னொருவர் மொழி நல்லாயிருக்கு, போடலாம் என்றார். இரண்டு பேருமே பிரதிக்குள் போகவில்லை. முதலாமவர் எழுதியவரின் சம்பளத்தைப் படித்தார், இரண்டாமவர் வாக்கியங்களைப் படித்தார்.

பிரதியில் எனக்கு முதலில் பட்டது அதன் வினைச்சொற்கள். படகில் இருக்கும்வரை 'நான்' எல்லாவற்றையும் செய்கிறது: உடுப்பு மாட்டுகிறது, முகமூடியைக் கழுவுகிறது, பின்பக்கமாகச் சாய்ந்து விழுகிறது. நீருக்குள் போன மறுகணம் 'நான்' செயப்பாட்டுக்கு மாறிவிடுகிறது. கொண்டுசெல்லப்படுகிறேன், ஏந்தப்படுகிறேன், காட்டப்படுகிறேன். கடைசியில் அந்த 'கிறேன்' கூடக் கழன்று, கடல்விசிறியும் மீன்கூட்டமும் மட்டும் வரிசையாக வருகின்றன. அசைவது தான் என்பதே அவருக்கு மறந்துபோகிறது. சுவர் நகர்கிறது, இவர் நிற்கிறார். சினிமாத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறவரின் நிலை இதுதான். அதனால்தானோ என்னவோ பிரதியில் வருகிற உவமைகளில் பாதிக்கு மேல் திரையரங்கு சார்ந்தவை.

'நீ ஒண்ணுமே செய்ய வேணாண்ணே, தண்ணியே இட்டுனு போவும்' என்று அவர் வாயால் சொன்னபோது இருந்த கிறுகிறுப்பு எழுத்தில் பெரும்பாலும் ஆன்மிகமாகிவிட்டது. சரணாகதி, கரைதல், பிரபஞ்சம். தமிழில் அனுபவம் என்று ஒன்றை எழுத உட்கார்ந்தால் இரண்டாம் பக்கத்துக்குள் சித்தர் வந்துவிடுகிறார். இது அவருடைய தனிக் குறையில்லை.

ஆனால் தோழர் சொன்னது போலத் தூக்கி ஓரமாக வைக்க முடியாத ஒரு பக்கம் அதில் இருக்கிறது. ஓட்டம் இருக்கிற இடத்தில்தான் சுவர் செழிப்பாக இருக்கிறது என்பதை அவர் கண்டிருக்கிறார். இடம்விட்டு அசைய முடியாத உயிர்கள் அவை. மிதந்து வரும் நுண்ணுயிர்தான் சாப்பாடு. அதைக் கொண்டுவருவது நீரோட்டம். எனவே கடல்விசிறி ஓட்டத்துக்குக் குறுக்கே, வலையை விரித்துப் பிடித்த மாதிரி வளர்கிறது. விசிறிகள் எந்தப் பக்கம் பார்த்து நிற்கின்றன என்று பார்த்தால் அங்கே தண்ணீர் எப்படி ஓடுகிறது என்பது தெரிந்துவிடும். இதை எழுதியிருக்கிற ஒரு பத்தியில் ஆன்மிகம் இல்லை, உவமை இல்லை, கவனம் இருக்கிறது. ஓட்டத்தோடு போனதால் கிடைத்த கவனம் அது. எதிர்த்து நீந்துகிறவனுக்கு மூச்சை எண்ணவே நேரம் போதாது; முப்பது மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல நான்கு மடங்கு, ஒவ்வொரு இழுப்புக்கும் சிலிண்டரிலிருந்து நான்கு மடங்கு காற்று போகும். அசையாமல் போகிறவனுக்குக் காற்று மிச்சம், பார்க்க நேரம் மிச்சம். இன்பம் என்றாலே முகம் சுளிக்கிற நம்ம பழக்கத்தால் இந்த மாதிரிப் பத்தியைத் தவறவிட்டுவிடக் கூடாது.

என் கேள்வி வேறு இடத்தில் இருக்கிறது. இவர் நீருக்கடியில் நாற்பத்தைந்து நிமிடம் போனார் என்றால், அந்த நாற்பத்தைந்து நிமிடமும் படகு எங்கே இருந்தது?

நங்கூரம் போட்ட படகாக இருக்க முடியாது. நீரோட்ட முக்குளிப்பில் படகு மேலே கூடவே வந்தாக வேண்டும். குழுவின் கைடு கையில் ஒரு ரீல் வைத்திருப்பார். அதிலிருந்து ஒரு நூல்கயிறு மேலே போகும். அதன் நுனியில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு மிதவை. சில இடங்களில் மிதவையைக் கடைசியில் மேலே வரும்போதுதான் விடுவார்கள். அதுவரை படகுக்காரர் நீர்மேல் வெடிக்கும் குமிழிகளைப் பார்த்தே தொடர வேண்டும். அலை இருந்தால் குமிழி தெரியாது. வெயில் தண்ணீரில் பட்டுத் திருப்பி அடித்தால் மிதவையே தெரியாது. சுவரோரம் ஓட்டம் சில வேளை கீழ்நோக்கித் திரும்பும். திறந்த கடல் பக்கம் ஒதுக்கவும் செய்யும். 1994இல் பலாவில் பெலிலியு தீவுப் பக்கம் இப்படி இறங்கிய ஜப்பானியப் பயணிகளும் அவர்களுடைய கைடும் படகைத் தவறவிட்டு, கடலோடு போய்ச் செத்தார்கள். மேலே மிதந்துகொண்டிருந்தவர்களைப் படகு கண்டுபிடிக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

ஆக, 'ஒன்றும் செய்யாமலிருத்தல்' என்பது கீழே இருப்பவருக்கு வாய்ப்பதற்கு, மேலே ஒருவர் ஒரு கணமும் கண்ணெடுக்காமல் இருக்க வேண்டியிருக்கிறது. அந்தக் கண் பிரதியில் இல்லை. பன்னிரண்டு பக்கத்தில் படகுக்காரர் இரண்டு முறை வருகிறார். ஒருமுறை சிரிக்கிறார், ஒருமுறை தேநீர் கொடுக்கிறார். அந்தமான் முக்குளிப்புத் தொழிலில் படகிலும் நீரடியிலும் ஆரம்பத்திலிருந்து வேலை பார்த்தவர்களில் கரேன் மக்கள் முக்கியமானவர்கள். 1925இல் பர்மாவிலிருந்து நடு அந்தமானுக்குக் கொண்டுவந்து குடியேற்றப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். ஹேவ்லாக் பக்கத்து முக்குளிப்பு இடங்களுக்கு ஜானிஸ் கார்ஜ், டிக்சன்ஸ் பினாக்கிள், ஜாக்சன்ஸ் பார் என்றெல்லாம் பெயர். (கடைசியதைக் கேட்டதும் வட்டத்தில் சிரிப்பு. அது கடலடித் திட்டு, தோழர்களே.) இவையெல்லாம் இடத்தைக் கண்டுபிடித்த உள்ளூர் ஆட்களின் பெயர்கள் என்பது முக்குளிப்பவர்களுக்குத் தெரிந்த சங்கதி. பெயர் இடத்துக்கு ஒட்டிக்கொண்டது. நம் நண்பரும் அந்தப் பெயர்களை எழுதுகிறார். யாரிந்த ஜானி என்று ஒரு வரி கேட்கவில்லை.

கயிறு என்ற இடத்தில் தமிழ் வாசகருக்கு வேறொரு ஞாபகம் வர வேண்டும். மன்னார் வளைகுடாவில் முத்துக்குளியலும் சங்கு குளியும் கயிற்றின் தொழில்கள். காலில் கல் கட்டி இறங்குகிற ஆள், இடுப்புக் கயிறு, மேலே தோணியில் அதைப் பிடித்திருக்கிற ஆள். கீழே இருக்கிறவர் அசைத்ததும் மேலே இழுக்க வேண்டும். அரை நிமிடம் கவனம் சிதறினால் உயிர் போகும். கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பார்கள், தங்கச்சி தாலி அவன் பிடியில் இருக்கிறதல்லவா என்று சொல்லக் கேட்டிருக்கிறோம். இந்தக் கதை எத்தனை தோணிகளில் நடப்பாக இருந்தது என்பதைவிட, ஒரு தொழில் தன் நம்பிக்கையை எங்கே வைத்துப் பேசுகிறது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கயிற்றை மறைக்காமல், அதையே கதையின் நடுவில் வைத்துப் பேசுகிற மரபு அது. தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. சங்கு குளி இன்றும் நடக்கிறது. படகில் வைத்த கம்ப்ரசரிலிருந்து வரும் குழாயை வாயில் கவ்விக்கொண்டு இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அம்பத்தூர் எஸ்டேட் பட்டறைகளில் நாள் முழுக்கத் தடதடக்கிறதே, அதே இனத்து இயந்திரம்தான். ஆழத்தில் எவ்வளவு நேரம் இருந்தால் எவ்வளவு மெதுவாக மேலேற வேண்டும் என்ற கணக்கு உல்லாச முக்குளிப்பவரின் மணிக்கட்டில் கட்டியிருக்கும் கருவியில் ஓடுகிறது. குழாய்க்காரருக்கு அந்தக் கணக்கு மூட்டுவலியாகவும் முடக்கமாகவும்தான் வந்து சேர்கிறது.

இங்கே சொற்களைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. மன்னார் வளைகுடாவில் சுவர் கிடையாது. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே இருக்கிற இருபத்தொரு தீவுகளைச் சுற்றியுள்ள பவளப்பாறைகள் பெரும்பாலும் நாலைந்து மீட்டர் ஆழத்துக்குள் கிடப்பவை. தலைகுப்புற இறங்கும் செங்குத்து அங்கே இல்லை. முத்து விளைந்தது அதைவிட ஆழத்தில் இருக்கும் கல்தரைகளில். அவற்றுக்குத் தொழில்காரர்கள் வைத்த பெயர் 'பார்'. தொலாயிரம் பார், குடமுத்துப் பார், நாகரைப் பார் என்று ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர். தண்ணீருக்கு மேலே ஒன்றும் தெரியாத இடத்துக்குப் பெயர் வைப்பதென்றால், திரும்பத் திரும்ப வந்து அதைக் கண்டுபிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று பொருள். நம் மொழியில் பார் என்றால் உலகமும்தான், பார்வையின் ஏவலும்தான். நண்பரின் பிரதியில் இந்த ஏவல் மட்டும் நிறைய இருக்கிறது.

'பவளம்' என்கிற சொல்லும் அப்படி ஒன்றும் அப்பாவியில்லை. சங்க இலக்கியம் தொட்டு நாம் உதட்டுக்கும் செம்மைக்கும் உவமையாக்கி வந்த பவளம் நம்ம கடல் பாறையில்லை. அது மத்தியதரைக் கடலின் செம்பவளம், கப்பலில் வந்த சரக்கு. முசிறியில் இறங்கிய பொருட்களின் பட்டியலில் பவளமும் உண்டு என்று பெரிப்ளூஸ் சொல்கிறது; ரோமானியர் நம்ம முத்துக்கு அலைந்த மாதிரி இந்தியர்கள் பவளத்துக்கு அலைந்ததாகப் பிளினி எழுதிவைத்திருக்கிறார். நம் கரையோரத்தில் உயிரோடு வளர்ந்த பாறைக்கு ஈழத்தில் இன்றும் 'முருகைக்கல்' என்று பெயர். அந்தச் சொல்லைக் கைவிட்டுவிட்டு, நகைக்கடைச் சொல்லைப் பாறைக்கு ஒட்டியிருக்கிறோம். ஒரு பொருளை அழகாகப் பார்க்கத் தொடங்குவதற்கு முன்பே நமக்கு அது அழகென்று சொல்லிக்கொடுத்தாயிற்று.

நண்பர் இந்தப் பார்வையை எங்கிருந்து பெற்றார் என்று தேடினால் அது மேற்கில் ஏற்கெனவே உருவாகியிருந்த ஒரு எழுத்து வகைக்குக் கொண்டுபோகும். கூஸ்தோவும் கக்னானும் 1943இல் தண்ணீருக்குள் கயிறும் குழாயும் இல்லாமல் சுவாசிக்கும் கருவியைச் செய்துமுடித்தார்கள். கூஸ்தோவும் லூயி மாலும் எடுத்த 'மௌன உலகம்' படம் 1956இல் கான் விழாவில் உயர்ந்த பரிசைப் பெற்றது. மௌனம் என்ற பெயரே முதல் பொய். பவளப்பாறை ஓயாமல் சடசடக்கிற இடம். சொடுக்கு இறால்கள் எண்ணெயில் கடுகு பொரிகிற மாதிரி சத்தம் போட்டுக்கொண்டேயிருக்கும். அந்தப் படத்திலேயே ஒரு பாறையில் வெடிவைத்து, செத்து மிதக்கும் மீன்களை ஆய்வுக்கென்று எண்ணுகிறார்கள். அதே 1956இல் இலங்கைக்குக் குடிவந்த ஆர்தர் சி. கிளார்க், அடுத்த ஆண்டே அந்தத் தீவின் பாறைகளைப் பற்றிப் புத்தகம் போட்டார். விண்வெளிக்குப் போகாமலே எடையற்றிருக்கும் வழியாகத்தான் அவருக்கு முக்குளிப்பு பட்டது. எடையற்ற, கயிறற்ற, ஊரற்ற ஓர் உடல். நம் நண்பரின் 'கரைதல்' சித்தரிடமிருந்து வந்ததில்லை. கிளார்க்கிடமிருந்து வந்து சித்தர் வேஷம் போட்டுக்கொண்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நம் மரபில் மட்டும் என்ன வாழ்கிறது? அகநானூற்றில் வலம்புரிக்காக மூழ்கி எழுந்த பரதவர் வருகிறார்கள். சங்கு முழங்கத் திரும்புகிறார்கள். கொற்கை ஆரவாரமாக எதிர்கொள்கிறது. கவிதை அவர்களைச் சந்திப்பது அவர்கள் மேலே வந்த பிறகு. மூழ்கியிருந்த நேரம் அதற்குள் இல்லை. நெய்தல் கரையில் நின்று காத்திருப்பவளின் திணை, தண்ணீருக்குள் போனவனுடையதில்லை. நவீன எழுத்தில் வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்', ஜோ டி குருஸின் 'ஆழி சூழ் உலகு', 'கொற்கை' எல்லாம் வந்து கடல்தொழிலின் மொழி அச்சேறியது பெரிய காரியம். நீரோட்டத்துக்கு 'நீவாடு' என்றொரு சொல் இருப்பதே என்னைப் போன்ற ஏரிக்கரை ஆட்களுக்கு இப்படித்தான் தெரியவந்தது. சென்னைக் கரையில் வடக்கிலிருந்து வருவது வன்னி, தெற்கிலிருந்து வருவது தெண்டி. நண்பரின் பிரதியிலோ ஓட்டத்துக்குத் திசையே இல்லை. 'முன்னோக்கி' என்று மட்டும் இருக்கிறது.

இப்போது அந்த நாலைந்து மீட்டர் ஆழத்துக்கு வருவோம். தூத்துக்குடிப் பக்கம் பல பத்தாண்டுகள் பவளப்பாறையை உடைத்துச் சுண்ணாம்புக்கும் கார்பைடுக்கும் கொடுத்தார்கள். விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்று இரண்டு தீவுகள் கடலுக்குள் போயின. 1986இல் தீவுகள் தேசியப் பூங்காவாகின. 2001இல் பவளம் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஏறியது. பாறை காப்பாற்றப்பட வேண்டியதுதான், அதிலே சந்தேகமில்லை. ஆனால் பூங்காவின் எல்லைக்குள் காலகாலமாகப் பாசி எடுத்துவந்த பெண்கள் ஒரே நாளில் அத்துமீறுகிறவர்கள் ஆனார்கள். பாம்பன் சின்னப்பாலம், பாரதிநகர் பெண்கள். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, இடுப்பில் வலைப்பையைக் கட்டிக்கொண்டு, சிலிண்டர் ஏதுமில்லாமல் மூச்சடக்கி இறங்குகிறவர்கள். மரிக்கொழுந்தும் கட்டக்கோரையும் எடுப்பவர்கள். பிடிபட்டால் அபராதம். தங்களுக்குள்ளேயே பேசி, மாதத்தில் இத்தனை நாள்தான் எடுப்பது, வேர்க்கால் போகாமல் எடுப்பது என்று கட்டுப்பாடு வகுத்துக்கொண்டவர்கள் இவர்கள். அதற்காகச் சின்னப்பாலத்து லட்சுமி மூர்த்திக்கு 2015இல் சீகாலஜி பரிசு கிடைத்தது. அதே வளைகுடாவில், வெளியிலிருந்து கொண்டுவந்து வளர்க்கச் சொன்ன கப்பாபைகஸ் பாசி குருசடைத் தீவுப் பவளத்தின்மேல் படர்ந்து அதை மூச்சுத்திணற வைத்தது. கையால் பறித்தவள் குற்றவாளி, பாறையை மூடிய பாசியைக் கொண்டுவந்தது வளர்ச்சித் திட்டம். சுற்றுலாப் படகுக்கு அனுமதி உண்டு. பார்க்க வருகிறவர் பாறைக்குக் கெடுதல் செய்யாதவர், தொடுகிறவர் கெடுதல் செய்கிறவர் என்கிற இந்தப் பாகுபாட்டுக்கு நீரோட்ட முக்குளிப்பு எழுத்துதான் மிகச் சுத்தமான வடிவம். எதையும் தொடாமல், குமிழியை மட்டும் விட்டுவிட்டு வருவதை அது பெருமையாகச் சொல்கிறது. அங்கே போய்ச்சேர விமானம் எரித்த எண்ணெய் அந்தக் கணக்கில் வராது.

அந்த எண்ணெய்க்குப் பாறையோடு நேரடிச் சம்பந்தம் உண்டு. கடல் சூடேறினால் பவளம் தனக்குள் குடியிருக்கும் நுண்பாசியை வெளியேற்றி வெளுத்துப்போகும். மன்னாரில் 1998, 2010, 2016 ஆண்டுகளில் பெரிய வெளுப்பு. 2024இல் லட்சத்தீவிலும் இந்தியக் கரைகளிலும் மறுபடி. ஓட்டத்தோடு போகிறவரால் இதைப் பார்க்க முடியாது என்பதுதான் எனக்கு விஷயமாகப் படுகிறது. அவர் ஒவ்வோர் இடத்தையும் ஒரே ஒருமுறை கடக்கிறார், திரும்பி நீந்துவது அந்த ஆட்டத்தின் விதியிலேயே இல்லை. ஒரு பாறை போன வருஷம் எப்படி இருந்தது என்று சொல்ல, அதே இடத்துக்கு அடுத்தடுத்து வந்திருக்க வேண்டும். படகுக்காரர் வந்திருக்கிறார். பாசிப் பெண்கள் வந்திருக்கிறார்கள். நண்பர் பன்னிரண்டு பக்கத்திலும் சுவரை 'என்றும் உள்ளது' மாதிரியே எழுதியிருக்கிறார்.

நம்ம பக்கத்திலும் தண்ணீருக்குள் இறங்கும் சுவர் உண்டு. பூந்தமல்லியைத் தாண்டி மாங்காட்டுப் பக்கம் சிக்கராயபுரம் கல்குவாரிகள். சென்னையின் கட்டடங்களுக்குக் கல் எடுத்துக் குடைந்த பள்ளங்கள், செங்குத்துச் சுவர்கள், அடியில் பச்சைத் தண்ணீர். 2017 வறட்சியில் அந்தத் தண்ணீரை எடுத்துச் சுத்திகரித்து நகரத்துக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். கோடையில் குளிக்கப்போய் மூழ்கிய பையன்களைப் பற்றிய செய்தி இந்தப் பகுதிக்குப் புதுசில்லை. அப்புறம், கழிவுநீர்த் தொட்டிக்குள்ளும் பாதாளச் சாக்கடைக்குள்ளும் இறங்குகிறவர்கள். 2013 சட்டம் தடை செய்தபிறகும், 2023இல் உச்சநீதிமன்றம் இழப்பீட்டை முப்பது லட்சமாக உயர்த்திய பிறகும், ஆவடி உட்பட இந்தச் சுற்றுவட்டாரத்தில் மனிதர் இறங்கிச் செத்திருக்கிறார்கள். அவர்கள் எந்தச் சாதியிலிருந்து வருகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். முக்குளிப்புப் பயிற்சியின் முதல் பாடம், துணையில்லாமல் இறங்காதே, காற்றைச் சோதிக்காமல் இறங்காதே. உல்லாசத்துக்கு இறங்குகிறவருக்கு இது பாலபாடமாக இருக்கிற அதே நாட்டில், மேன்ஹோலுக்குள் இறங்குகிறவருக்கு மேலே ஒரு கயிறும் பிடிக்க ஆளும் இருந்ததா என்பது பிரேதப் பரிசோதனைக்குப் பிறகு கேட்கப்படுகிற கேள்வி. நண்பர் கடலை எழுதினால் சாக்கடையையும் சேர்த்து எழுத வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அப்படிக் கேட்பது எழுத்தின் மீது செய்கிற போலீஸ் வேலை. ஆனால் மூச்சு, ஆழம், கயிறு, துணை என்ற சொற்களைக் கையிலெடுக்கிறவர் அவை இங்கே யார் யார் வாயில் எப்படி ஒலிக்கின்றன என்று தெரிந்துகொண்டு எடுத்தால், அந்தப் பிரபஞ்சப் பத்திகள் தானாகவே உதிர்ந்துபோகும்.

பிரதியைப் போடலாம் என்பதுதான் என் கட்சி. கடல்விசிறிப் பத்தியை அப்படியே வைத்து, மூன்றாம் பக்கத்திலிருந்து ஆறாம் பக்கம்வரை எடுத்துவிட்டு, படகுக்காரரிடம் கேட்டு ஒரு பகுதி சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்: அந்த நாற்பத்தைந்து நிமிடம் அவர் எதைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஓட்டம் திரும்பப் போகிறது என்று எதை வைத்துச் சொல்வார், பத்து வருஷத்துக்கு முன்னால் அந்தச் சுவர் என்ன நிறத்தில் இருந்தது. போன் நம்பர் இருக்காம். மார்ச்சில் சீசன் கூட்டம் குறைஞ்சதும் பேசுறேன்னு சொல்லியிருக்காராம்.